உப்புக்கடியில் வைத்த சீட்டு

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். கைப்பேசியைப் பார்த்து நவீன மாந்திரீகம் கற்கத் தொடங்கினேன். முதல் பாடமாக, ஏற்காடு எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் அம்மாவைத் திட்டிய, அங்கே கணக்கெழுதும் ரைட்டரின் பெயரை எழுதி, ‘படுக்கையில் விழட்டும்’ என்று சேர்த்து, உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிறு காலை சர்ச்சில் அம்மா, “உப்புக்கடியில உன் ஜெபச்சீட்டு இருந்துச்சு கண்ணு. ஜெபப் பெட்டியில போட்டுட்டேன்” என்றார்.

பெட்டி ஏற்கெனவே பீடத்துக்குப் போயிருந்தது. சீட்டுகளை ஃபாதர் சத்தமாகப் படிப்பார். முன்வரிசையில் ரைட்டர் இருந்தார். அம்மாவின் வேலை போய்விடும்.

என் சீட்டைப் பிரித்த ஃபாதர் அதை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, “நம்ம ரைட்டருக்காக ஜெபிப்போம்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே அம்மா பெருமையாக, “எம்பட பையன் எழுதுனதுங்க” என்றார்.

ரைட்டர் என் கையைப் பிடித்தார். “நாளைக்கு ஆப்பரேசன் சாமி. ஊட்ல கூடச் சொல்லல. நொம்ப பயமா இருந்துச்சு.”

அவர் நலமாகத் திரும்பும்வரை, எழுதியது பலித்துவிடுமோ என்று நடுங்கி, முதன்முறையாக உண்மையில் ஜெபித்தேன்.