சாய்மானம் உள்ள சைக்கிள்

தேனியில் பெரியகுளம் ரோட்டில் உள்ள அந்த உடற்பயிற்சிச் சாமான் கடையில் தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. காரணம் நாகஜோதி. ஐம்பத்தெட்டு வயது, பதினோரு வருட சர்வீஸ், கையில் எந்நேரமும் ஒரு மஞ்சள் துணி. வாசலில் ஆள் நுழைந்தால் முதல் ட்ரெட்மில்லின் கைப்பிடியைத் துடைப்பாள், அடுத்ததைத் துடைப்பாள், அதற்கடுத்த சைக்கிளின் ஹேண்டில்பாரைத் துடைப்பாள், துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்து, "வாங்க, யாருக்குப் பாக்குறீக?" என்பாள். முதலாளி சேக் பரீத் மற்ற இரண்டு விற்பனைப் பெண்களிடம் வாரம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவார். "அக்காவப் பாத்துப் படிங்க. கை சும்மா இருந்து பாத்திருக்கீகளா?"

கை சும்மா இருந்தால் அவள் விழுந்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரியாது. துணி என்பது சாக்கு. கைப்பிடியைப் பிடிக்காமல் நடந்தால் நாலாவது எட்டில் உடம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும்.

இரண்டரை வருடமாக இப்படித்தான். மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுமூளை மெதுவாகச் சுருங்கி வருகிறது, பெரிதாக மாத்திரை ஒன்றும் கிடையாது, பயிற்சியை விடாதீர்கள், கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். "வெளிய ஒக்காந்திருக்காக" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். வெளியே நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே வயசு போனது, அப்புறம் அம்மாவும் போனாள். திருப்பூரில் ஒரு தம்பி இருக்கிறான். தீபாவளிக்குத் தீபாவளி போன் பண்ணுவான்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பிளாட்பாரத்தை விட்டு இறங்கும்போது தள்ளாடினாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம், "பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டு வந்திருக்கா பாரு, பொம்பள" என்றாள். காப்பிக்கு மேல் எதையும் தொட்டறியாதவள் நாகஜோதி. திருப்பிக் கேட்கலாம்தான். ஆனால் கோபத்தில் பேசினால் நாக்கும் குழறும், அவர்கள் நினைத்தது நிச்சயமாகிவிடும். வாயை மூடிக்கொண்டு போனாள். அதிலிருந்து அல்லிநகரத்தில் வீட்டு வாசலில் ஆட்டோ ஏறினால் கடை வாசலில்தான் இறங்குவது.

கடைக்குள் வந்துவிட்டால் கவலை இல்லை. இரண்டு வரிசை மெஷின், நடுவில் ஓர் ஆள் போகிற வழி, இரண்டு பக்கமும் கைப்பிடி. அங்கே மனுசக் குரலும் கேட்கும். வீட்டில் பூட்டைத் திறந்து உள்ளே போனால் மறுநாள் காலை வரை ஈ காக்கை கூட அவளிடம் பேசாது. இந்த வேலை போய்விட்டால் என்ன ஆவோம் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி சுருளிராஜன் வந்தார். லோடு வண்டியையும் கையோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். இருப்பதிலேயே பெரிய ட்ரெட்மில்லைக் காட்டி, "இத ஏத்துங்க" என்றார்.

"யாருக்குத் தம்பி?"

"அம்மாவுக்கு. நட கொறஞ்சுபோச்சு. காலத் தேச்சுத் தேச்சு நடக்குறாக. ரெண்டு தடவ விழுந்துட்டாக. இதுல டெய்லி அரை மணி நேரம் நடக்கவிட்டா சரியாயிரும்ல?"

"எங்கன விழுந்தாக?"

"ஒருக்கா பாத்ரூம்ல. ஒருக்கா சும்மா நின்னமேனிக்கு."

"அப்ப இது வேணாம் தம்பி" என்றாள் நாகஜோதி. "பெல்ட்டு அதுபாட்டுக்கு ஓடும். நம்ம காலு ஒரு எட்டுப் பிந்துனா அது நமக்காக நிக்காது. இந்தச் சாவியச் சேலையில மாட்டிக்கிட்டா, விழுகும்போது அது உருவிக்கிட்டு மிஷினு நின்னுரும்னு சொல்லுவோம். அது நிக்கிறதுக்குள்ள அம்மா கீழ கெடப்பாக."

துடைத்துக்கொண்டே பின் வரிசைக்குக் கூட்டிப் போய் ஒரு சைக்கிளைக் காட்டினாள். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டியதில்லை, கட்டிலில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் பிடி, தள்ளினாலும் அசையாத கனம். "இதுகூட, சுவத்துல இடுப்பு ஒயரத்துக்கு ஒரு கம்பி அடிச்சிருங்க. அதப் புடிச்சு எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காரட்டும். அதுக்கும் முன்னால ஒரு பிசியோதெரபிக்காரகள வீட்டுக்கு வரச்சொல்லி அம்மாவக் காட்டிருங்க."

சுருளிராஜனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. பெத்தவளுக்குப் பெரிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று வந்தவர். "அம்மா நடக்கணும்னு நா கேக்குறேன், நீங்க ஒக்காருறதக் காட்டுறீக. கடைய இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குறீக நீங்க. காலு வராதவுக கஷ்டம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கல்லாவில் இருந்து சேக் பரீத்தும் குரல் கொடுத்தார். "அக்கா, அவரு கேக்குறதக் குடுத்துவிடுங்க."

கொடுத்துவிடலாம். யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஆனால் முகம் தெரியாத அந்தக் கிழவி, மகன் மண்டிக்குப் போன பிறகு தனியாக ஓடும் பெல்ட்டில் நிற்பது நாகஜோதியின் கண்ணில் வந்து நின்றது. துணியைச் சைக்கிள் மேல் போட்டாள். கடைசி மெஷினைத் தாண்டி, கல்லாவுக்கும் வாசலுக்கும் நடுவில் பிடிக்க ஒன்றுமில்லாத வெறும் டைல்ஸ் தரைக்கு வந்தாள். "பாருங்க தம்பி" என்று சொல்லிக் கையை வீசி நடந்தாள்.

இரண்டு எட்டு சரியாகப் போனது. மூன்றாவதில் காலை அகட்டினாள். நாலாவதில் உடம்பு சாய்ந்தது, கை காற்றைப் பிடித்தது, இடுப்பு கல்லா மேசையில் இடித்தது. சுருளிராஜன் பாய்ந்து வந்து தோளைப் பிடித்திராவிட்டால் கண்ணாடிக் கதவில் போய் விழுந்திருப்பாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள், மூச்சு வாங்க. "நாக்கூட அந்த மிஷின்ல ஏற மாட்டேன்."

சுருளிராஜன் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். சாய்மான சைக்கிளைத்தான் வண்டியில் ஏற்றினார். போகும்போது, "மன்னிச்சிருங்கக்கா" என்றார்.

சாயங்காலம் சேக் பரீத் அவளுக்கு டீ வாங்கிவரச் சொல்லி எதிரில் உட்கார்ந்தார். "எத்தன நாளாக்கா?" என்று கேட்டார். சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுசன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"இனிமே நீங்க அலைய வேணாம்க்கா. வீட்டுல இருங்க. அதே சைக்கிள் ஒண்ணு அனுப்பிவிடுறேன். காசப் பத்திப் பேசாதீக."

"சைக்கிள் வேணாம் பாய். இங்கன ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க. ஒக்காந்தமேனிக்கே வாரவுகளுக்கு எடுத்துச் சொல்லுறேன். எதக் குடுத்தாலும் வாங்கிக்கிறேன்."

அவர் தரையைப் பார்த்தார். "நாளைக்கு இங்கன விழுந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நா யாருக்குக்கா பதில் சொல்லுவேன்?"

யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, கேட்கத்தான் ஆளே இல்லையே என்பது அவள் நாக்கு வரை வந்தது. அதை ஒருத்தர் முன்னால் சொல்லிவிட்டு எப்படி எழுந்து போவது? டீயைக் குடித்து முடித்தாள்.

மூன்றாம் நாள் சைக்கிள் வந்தது. கொண்டுவந்தவர்கள் சுவரோரமாக ஆடாமல் அசையாமல் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் அதில் துணி காய்ந்தது. உட்காரப் பயம். வீட்டில் இன்னோர் ஆள் இருக்கும்போது மட்டும் ஏறுங்கள் என்று நூறு பேருக்குச் சொல்லி விற்றவள் அவள். அந்த இன்னோர் ஆளுக்கு இப்போது எங்கே போவது?

ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் முத்துலட்சுமி வீடு. கடைகளுக்கு முறுக்கு சுட்டுப் போடுகிறவள். இத்தனை வருடத்தில் தண்ணீர் வந்ததா, கேஸ் வண்டி வந்ததா என்பதைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதில்லை. நாகஜோதி சுவரைப் பிடித்துக்கொண்டே அங்கே போனாள்.

"லட்சுமி, தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நா சைக்கிள்ல ஒக்காருவேன். அஞ்சரைக்கு ஒரு சத்தம் குடுக்குறியா? பதில் வரலன்னா வந்து பாரு. இந்தா, சாவி."

"இதுக்கென்னக்கா, கூப்புட்டாப் போச்சு."

அன்றிலிருந்து அஞ்சரைக்குச் சுவர் வழியாகக் குரல் வந்தது. "ஜோதியக்கா! இருக்கீகளா?" "இருக்கேன் லட்சுமி." பல நாட்களில் அவள் பேசிய பேச்சே அவ்வளவுதான். இருபது நிமிடம் மிதித்தால் போதும். அஞ்சு இருபதுக்குக் கால் ஓய்ந்துவிடும். ஆனாலும் இறங்காமல், சாய்மானத்தில் முதுகை வைத்து, அஞ்சரைக்காகக் காத்திருப்பாள். காலையில் எழுந்ததில் இருந்தே அதற்குத்தான் காத்திருக்கிறோம் என்பது போகப் போக அவளுக்கே தெரிந்தது.

ஐப்பசியில், வெளியே மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், "ஜோதியக்கா! இருக்கீகளா?" என்று குரல் வந்தபோது அவள் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை.

அடுத்த குரல் வரவில்லை. கதவில் சாவி திரும்பியது. முழங்கை வரை மாவோடு, மழையில் நனைந்து முத்துலட்சுமி உள்ளே ஓடிவந்தாள்.

"எனக்கு உசுரே போயிருச்சுக்கா! என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்ப ஏன் வாயத் தெறக்கல?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இன்னொரு தரம் கூப்புடுவியான்னு பாத்தேன் லட்சுமி."

முத்துலட்சுமி மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "அடுப்புல எண்ணெ காயுது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். தொந்தரவு பண்ணிவிட்டோம், இனிமேல் இந்த ஒரு குரலும் வராது என்று நாகஜோதி அன்று இரவு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் அஞ்சரைக்கு, "ஜோதியக்கா! இருக்கீகளா?" என்று குரல் வந்தது.

"இருக்கேன், இருக்கேன் லட்சுமி" என்று அவசரமாகச் சொன்னாள். பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குவதற்காக ஒரு காலைத் தரையில் ஊன்றினாள்.

"ஜோதியக்கா!" என்று முத்துலட்சுமி இரண்டாவது தரமும் கூப்பிட்டாள்.