யோகராணியின் மரவீட்டுக் கதவுகள்

என் அக்கா யோகராணி சாமி விளக்கை ஏற்றினால் அது அணையும்வரை பக்கத்தை விட்டு எழும்பமாட்டாள். தொலைபேசி அடித்தாலும் சரி, வாசலில் ஆள் வந்து நின்றாலும் சரி, திரி கருகிப் புகை அடங்கிய பிறகுதான் அடுத்த வேலை. சமையல் எல்லாம் மின்னடுப்பில். சாம்பிராணி என்ற பேச்சே இல்லை. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது" என்று ஒருநாள் பகிடியாகச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அவளுடைய வீட்டை எரித்தார்கள். அத்தான் சோதிலிங்கம் அன்றைக்கு வேலை விஷயமாகத் திருகோணமலைக்குப் போயிருந்தார். முன்வாசலில் நெருப்பு. பின்கதவில் அத்தான் போட்டுவிட்டுப் போன பூட்டு. அந்தப் பூட்டின் திறப்பு அவருடைய சட்டைப் பையில், திருகோணமலையில். அக்கா குசினி யன்னலால் குதித்துத் தப்பினாள். அதைப் பற்றி அவள் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இரண்டு பேரும் நல்ல மனுசர்கள். இரண்டு நல்ல மனுசர்களோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

ஆக்லாந்துக்கு வந்தபின் அத்தானுக்கு மின்சாரப் பகுதியில் வேலை கிடைத்தது. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போனாள். விசா எடுத்து என்னைக் கூப்பிட்டதும் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹென்டர்சனைத் தாண்டி மலைப்பக்கம் போவார். அங்கே ஒரு வளைவில், முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு ஒன்று இருந்தது. அந்த இடம் வந்தால் கார் மெதுவாகும். சிம்னியில் புகை வந்தால் அன்றைக்கு அத்தானுக்குத் திருவிழா.

"வீட்டுக்குள்ளை ஒரு ஃபயர்பிளேஸ், அதுக்கு முன்னாலை ஒரு சாய்மனைக் கதிரை. அவ்வளவும் காணும், கௌரி" என்று அக்கா பக்கத்தில் இல்லாத நேரம் என்னிடம் சொன்னார். சொன்னதும் யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

கடைசியில் அந்தப் பக்கமே ஒரு காணி வாங்கினார்கள். அதில் மரவீடு கட்டுவோமா என்று அத்தான் கேட்டபோது அக்கா ஒரே அடியாக மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். அத்தானோடு வேலை செய்த சபாரத்தினம், "ஐசே, விறகுக்குள்ளையே குடியிருக்கப் போறீர்?" என்று சபையில் வைத்துக் கேட்டார்.

அக்கா மறுக்கவில்லை. "கொழும்பிலை இருந்தது கல்வீடுதானே. அது எரியேல்லையோ?" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "எல்லா அறைக்கும் வெளியாலை போக ஒரு கதவு வேணும். பூட்டு வேண்டாம். உள்ளுக்கு ஒரு கொளுக்கி போதும்" என்றாள்.

"ஓம்" என்றார் அத்தான். ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். மரவீடு கட்டித் தரும் கொலின் எங்கள் வரைபடத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். இது வீடா, குதிரை லாயமா என்று கேட்டார். சுவரில் ஒவ்வொரு வெட்டு விழும்போதும் மரங்களின் பிடி குறையும் என்று விளக்கினார். யாரோடும் குரல் உயர்த்தாத அத்தான், சனிக்கிழமை தவறாமல் அவரிடம் போய் ஒவ்வொரு கதவுக்காகவும் வாதாடினார். போகும்போது என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்கு அதில் கோபம்தான்.

கொலினின் முறை வேறு. முதலில் தன் பட்டறை வளவிலேயே வீட்டை அடுக்கி நிறுத்துவார். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் கழற்றி, லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காணியில் திரும்ப அடுக்குவார். சுவர் நின்றபிறகுதான் கதவுக்கும் யன்னலுக்கும் வெட்டுவார். ஆள் போய்வர முன்வாசல் மட்டும் முதலிலேயே திறந்திருக்கும்.

எண்பத்தெட்டு தை மாதம், அந்த நாட்டில் அது நல்ல கோடை, வளவுக்கு வந்து பார்க்கச் சொன்னார். கூரையில்லாமல் எங்கள் வீடு நின்றது. உள்ளே பைன் மரத்தின் பால்வாசம். கொலின் அக்காவின் கையில் ஒரு சோக்கட்டியைக் கொடுத்தார். "கதவுகளை நீங்களே குறியுங்கள். வாள் பட்டபிறகு மனம் மாறினால் நான் பொறுப்பில்லை" என்றார்.

அக்கா குசினியில் ஒரு கதவு கீறினாள். என் அறையில் ஒன்று. அடுத்து ஹால். அந்த நீளச் சுவருக்கு முன்னால் அவள் வந்து நின்றபோது கொலின் சொன்னார்: "உங்கள் கணவர் பாவம். முதல் வரைபடத்தில் ஃபயர்பிளேஸ் இங்கேதான் இருந்தது. பக்கத்தில் உங்கள் படுக்கையறையிலிருந்து வெளியே போகும் கதவும் இதே சுவரில் வருகிறது. இரண்டும் இவ்வளவு கிட்ட வந்தால் சுவர் தாங்காது என்றேன். ஃபயர்பிளேஸை அவரே அழித்துவிட்டார்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமோ?"

"ஆசை இருந்தது தெரியும். அழிச்சது தெரியாது."

முன்வாசலுக்கு வெளியே அத்தான் தெரிந்தார். பசுவைத் தடவுவதுபோல ஒரு மரத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

அக்கா படுக்கையறைக்குப் போனாள். கதவு வரவேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். சோக்கட்டியை மரத்தில் வைத்தாள், எடுத்தாள். பிறகு ஹாலுக்குத் திரும்பி வந்து, நிலத்திலிருந்து தன் இடுப்பளவுக்குப் பெரிய ஒரு சதுரம் கீறினாள். மரத்தின் பிசினில் கோடு அறுந்து அறுந்து போனது. அதன்மேல் திரும்பவும் கீறினாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வாங்கோ."

அத்தான் வந்தார். சதுரத்தைப் பார்த்தார்.

"உங்கடை ஃபயர்பிளேஸ்" என்றாள் அக்கா.

"அப்ப உம்மடை அறைக் கதவு?"

"வேண்டாம்."

"இல்லை ராணி, அது வேணும். அண்டைக்குத் திறப்பு என்னட்டை..." அத்தனை வருசம் தொண்டைக்குள் கிடந்தது அந்த அளவுக்குத்தான் வெளியே வந்தது. அவர் குனிந்து நிலத்தைப் பார்த்தார்.

அக்கா அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். "கள்ளர் வந்திடுவினம், நான் தனிய எண்டுதானே பூட்டிப்போட்டுப் போனீங்கள். எனக்குத் தெரியாதே? நீங்கள் அறைக்குள்ளை இருக்கேக்கை எனக்கு என்னத்துக்கு இன்னொரு கதவு?"

கொலினுக்குத் தமிழ் தெரியாது. என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கதவு குறைகிறது என்று சொன்னேன்.

ஆவணியில் குடிபூரல். வெளியே குளிரும் மழையும். அப்படியிருந்தும் எல்லா அறைக் கதவும் திறந்து கிடக்கவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமலே இருந்தார்கள். புது வீட்டில் முதலில் பால் காய்ச்சவேண்டும். மின்னடுப்பில்தான் என்று எல்லோரும் குசினியில் போய்க் கூடினோம். அக்கா பால்பானையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஹாலுக்குப் போனாள். ஃபயர்பிளேஸுக்குள் செங்கல் வைத்து, பானையை ஏற்றி, இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். அத்தான் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. முதல் குச்சி அணைந்தது. அடுத்தது பிடித்தது.

பால் பொங்கி வழிந்து பாதி நெருப்பை அணைத்தது. ஹால் முழுக்கப் புகை. சபாரத்தினம் இருமி இருமி, "விறகு வீட்டுக்குள்ளை விறகு வேறை" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

எல்லோரும் போனபிறகு அத்தான் நெருப்பைத் திரும்ப மூட்டினார். அக்கா அவருடைய சாய்மனைக் கதிரையில் சும்மா சாய்ந்தாள். நான் தேத்தண்ணியோடு வந்தபோது அத்தான் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். வாயில் விரலை வைத்தார். அழுதிருந்தார்.

"கதவெல்லாம் திறந்து கிடக்குது, கௌரி. அவளுக்குக் குளிரும். மெல்லச் சாத்து" என்றார்.

ஒவ்வொரு அறையாகப் போய்ச் சாத்தினேன். கொளுக்கி விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று, எழும்பிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். கடைசிக் கதவையும் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தேன். நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அக்கா நல்ல நித்திரை.