பூசை செய்த சில்லுகள்

பெரியப்பா பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு மாறி வந்த கையோடு, நான்கு சில்லுகளும் இழுக்கிற புதுக் கார் ஒன்று வாங்கினார். கோயிலில் பூசை செய்து, ஒவ்வொரு சில்லின் கீழும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, எல்லிங்ஸ்ருட்டில் இருந்த தன் வீட்டுக்குத் தேர் போல ஓட்டிக்கொண்டு போனார். எங்களுடையது பழைய சின்னக் கார். முன்சில்லு இரண்டும்தான் இழுக்கும். நவம்பர் பிறந்ததும், பனியில் சறுக்காமல் நிற்க, அப்பா அதற்கு ஆணி பதித்த டயர் மாட்டிவிடுவார். பனி இல்லாத நாட்களில் தார் ரோட்டில் அது கறகறவென்று சத்தம் போடும். பள்ளிக்கூட வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மானம் போகும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெரியப்பா டயர் மாற்றவில்லை. பூசை செய்து ஒரு மாதம்கூட ஆகாத சில்லைக் கழற்றுவது அவருக்கு அபசகுனமாகப் பட்டது. பேர்கனில் குளிர்காலமென்றால் பாதி நாள் மழைதான், அந்தத் தைரியமும் இருந்திருக்கும்.

முதல் பனி கொட்டிய சனிக்கிழமை, சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண்ணுக்குச் சேலை கட்ட அம்மாவும் பெரியம்மாவும் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். வெஸ்ட்லியில் எங்கள் வீட்டில் சுட்டு வைத்த பலகாரப் பெட்டிகளை அப்பா எங்கள் காரில் அடுக்கினார். பயற்றம் பணியாரமும் அரியதரமும் பின்சீட்டையும் முன்சீட்டையும் பிடித்துக்கொண்டன. என்னை ஏற்றிப்போகப் பெரியப்பா வந்திருந்தார். நான் துள்ளிக் குதித்து அவருடைய முன்சீட்டில் ஏறி, பெல்ட்டையும் போட்டுவிட்டேன்.

அப்பா குனிந்து அந்த டயர்களைப் பார்த்தார்.

“அண்ணா, இது கோடைக்குப் போடுற டயர். பிள்ளையை நான் மடியில பெட்டியோட எண்டாலும் கூட்டிக்கொண்டு வாறன்.”

“நாலு சில்லும் இழுக்கிற வாகனமடா இது. உன்ர கார் மாதிரியே?”

“இழுக்கும் அண்ணா. நிக்கிறதுக்குத்தான்...”

“எனக்கு நீ கார் ஓடப் பழக்கப் போறியோ?”

அப்பாவை நோர்வேக்கு எடுப்பித்தவர் பெரியப்பா. அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை. அப்பா என்னை இறங்கச் சொன்னார். நான் அழத் தொடங்கினேன். பெரியப்பா அவரை முறைத்தார். கடைசியில் அப்பா, தான் முன்னால் போவதாகவும் எங்களைப் பின்னால் மெல்ல வரும்படியும் மட்டும் சொன்னார்.

புறப்பட்டபோது பெரியப்பாவின் கார் வழுக்காமல் ஜம்மென்று கிளம்பியது. “பாத்தியே” என்றார். எங்கள் கார் முன்னால் ஆமை போல ஊர்ந்தது. பெரிய ரோட்டுக்கு இறங்குகிற சரிவிலும் அப்பா அந்த வேகத்தைக் கூட்டவில்லை. அடிவாரத்துச் சந்தியில் போய் நின்றார். நாங்கள் பார்த்த அளவில் ரோட்டில் ஒரு வாகனம் இல்லை. அவர் பெரிய ரோட்டில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை.

“ஏன் இவன் மரம் மாதிரி நிக்கிறான்” என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா பிரேக்கை மிதித்தார். மிதி கடகடவென்று அதிர்ந்தது. கார் மட்டும் கேட்கவில்லை. எங்கள் காரின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்து, டமாரென்று மோதியது. எங்கள் கார் ஓரடி முன்னே தள்ளுண்டு, அப்படியே ஊன்றி நின்றது. வளைவில் வந்த பஸ் ஒன்று அதன் மூக்குக்கு முன்னால் கடந்து போனது.

பெரியப்பா இறங்கினார். “ரோட்டு வெறுமையாக் கிடக்க ஏனடா நிண்டனி?”

“பிழைதான் அண்ணா” என்றார் அப்பா. என்னைத் தூக்கித் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

மண்டபத்தில் பெட்டிகளைத் திறந்தால் பயற்றம் பணியாரம் பாதி தூளாகியிருந்தது. யார் செய்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொன்னேன். ரோட்டில் ஒருவருமில்லை, அப்பா சும்மா நின்றார், அதனால்தான் இடிபட்டது என்று நின்ற விதத்தை நடித்தும் காட்டினேன். சொந்தக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பல வருடங்களுக்கு யாராவது வாசலை மறித்து நின்றால், “தள்ளு, அண்ணன் பின்னால வாறார்” என்பார்கள். கல்யாணத்துக்கு அடுத்த நாளே பெரியப்பாவின் காருக்குக் குளிர்கால டயர் மாட்டிக் கொடுத்தவர் அப்பா. அண்ணனின் மனம் நோகக் கூடாதென்று நான்கு எலுமிச்சம்பழமும் கொண்டுபோயிருந்தார்.

பத்து வருடம் கழித்து நான் கார் ஓடப் பழகியபோது, சறுக்கல் பாதையில் ஒரு கட்டாய வகுப்பு வைத்தார்கள். நான்கு சில்லும் இழுக்கிற கார் பனியில் எளிதாகப் புறப்படும் என்றும், நிறுத்துவது டயரின் வேலை என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன். மிதி கடகடவென்று அதிர, எதிரே நட்டிருந்த கூம்பை நோக்கிக் கார் வழுக்கிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன், அன்று சந்தியில் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாரா என்று.

“ஓம்” என்றார். “பஸ் வாறதும் தெரிஞ்சது. நான் போயிருக்கலாம்தான். நீயெல்லோ முன்சீட்டில இருந்தனி.”

அன்று மண்டபத்தில் நான் நடித்துக் காட்டியபோது எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அவர்தான். இன்னொருக்கால் செய்து காட்டு என்று வேறு கேட்டார். நானும் செய்து காட்டினேன்.