நூற்றிருபதாம் நம்பர்

மகளின் போனில் ஏதோ வீடியோ கேமுக்கு விமர்சகர்கள் நூற்றுக்கு எண்பது போட்டிருந்ததைப் பார்த்ததும், திருத்தணி மலையடிவாரத்தில் நான்கே மெஷின்களோடு இருந்து எண்பதுகளிலேயே காணாமல் போன கேம் கடையும், மெஷின் சூடேறும் வாடையும், அம்மையார்குப்பத்து நெசவுக்கார அத்தை மகள் கஸ்தூரி ஒவ்வொரு மெஷினிலும் சாக்பீஸால் எழுதிவைத்த எண்களும் நினைவுக்கு வந்தன. கார் ரேஸுக்கு நாற்பது, விமானச் சண்டைக்கு நூற்றிருபது.

"நூத்துக்கு எப்படி நூத்தியிருபது?" என்று அன்று அவளிடம் கேட்டேன்.

"மார்க்கு இல்ல பாவா, நூல் நம்பரு. நம்பர் ஏற ஏற நைஸு. ஆனா தொட்டா அறுந்துகினே இருக்கும்."

நல்ல கேமா, கெட்ட கேமா என்று குழம்பியபடி வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால், முதுகில் சாக்பீஸில் 120. பாராட்டா, திட்டா என்று விளங்காமலே அந்தச் சட்டையைப் பல நாள் துவைக்கப் போடவில்லை.