மணல் மூட்டையும் எல்ல இறக்கமும்

என் மனைவி அந்த நேர்த்திக்கடனை வைத்தபோது எங்கள் மகளுக்கு இரண்டு வயது. ஒன்பது நாள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். பிழைத்துவிட்டால் பதுளையிலிருந்து கதிர்காமம் வரை அப்பன் தோளிலேயே வருவாள், நடைவழியில் அவள் கால் மண்ணில் படாது என்று மனைவி முருகனிடம் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

நான் கடைவீதியில் தையல் வேலை செய்பவன். விடிந்தால் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, விளக்கு வைத்தபின் எழுந்திருக்கிற உடம்பு. கோயில் படி ஏறினாலே எனக்கு மூச்சு இரைக்கும். ஆறு நாள் நடையை நினைத்துப் பயந்தேன். முதல் வருடம் மழை என்றேன். அடுத்த வருடம் கல்யாணத் துணி குவிந்து கிடக்கிறது என்றேன். இப்படியே நான்கு ஆடி போயிற்று. நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் பிள்ளை கனத்துக்கொண்டே வந்தாள்.

அந்தத் தை மாதம் அவளுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் இறங்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் கஞ்சி ஆற்றிக்கொண்டே, “இந்த ஆடிக்குப் போயிடுவோங்க” என்றாள். அவ்வளவுதான்.

பக்கத்து அரிசிக்கடை முஸ்லிம் நானாவிடம் கேட்டுக்கொண்டு மகளைத் தராசுத் தட்டில் உட்கார வைத்தேன். “என்ன டெய்லர், பிள்ளையை விக்கப் போறீங்களா?” என்று அவர் சிரித்தார். முப்பத்தெட்டு றாத்தல்.

கெட்டித் துணியில் தோள்பட்டை வைத்து ஒரு பை தைத்தேன். பங்குனி முதல் தினமும் விடிகிற நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போய், முப்பத்தெட்டு றாத்தல் வருகிற மாதிரி அதில் மணல் நிரப்பி முதுகில் கட்டிக்கொள்வேன். ஊருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறுவேன். முதல் வாரம் நூறு அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் காதில் கேட்டது. இங்கேயே விழுந்து செத்தால் யார் பார்ப்பார்கள் என்று பயந்தேன். ஒரு மாதத்தில் உச்சிப் பாறை வரை நிற்காமல் ஏறப் பழகிவிட்டேன். பாறையடியில் மணலைக் கொட்டிவிட்டு, பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையோடு இறங்குவேன். இறங்கும்போது நன்றாக விடிந்திருக்கும். மூட்டையோடு கடைவீதியில் நடந்தால் நாலு பேர் என்னவென்று கேட்பார்களே என்ற கூச்சம்.

ஆனி பாதியில் ஒருநாள், தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்குத் தப்பு அடித்து முடித்த நேரம், மூடுபனிக்குள் ஏறிக்கொண்டிருந்தேன். “ஏய், நில்லு” என்று ஒரு குரல். கறுப்புக் கோட்டுப் போட்ட கங்காணி ஒருவர் கம்போடு வழியை மறித்தார். அவருக்குப் பின்னால் கொழுந்து கிள்ளப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர்.

“எந்தத் தோட்டத்துல இருந்துப்பா ஓடியாற? துண்டு இருக்கா?”

துரை எழுதித் தரும் அந்தச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகிறவர்களைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துகிற காலம் அது. முதுகில் மூட்டையோடு விடியற்காலையில் குறுக்குப் பாதையில் போகிறவன் வேறு யாராக இருப்பான்? நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. பையை அவிழ்க்கச் சொன்னார். கையை விட்டுப் பார்த்தார். மணல்.

“மலைக்கு மண்ணு சுமக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

பெண்கள் சிரித்தார்கள். பாறையடியில் மணல் குவிவதைப் பார்த்து, யாரோ செய்வினை வைக்கிறார்கள் என்று பத்து நாளாக அந்தத் தேயிலை நிரைக்கே போகப் பயந்தார்களாம். வேறு வழியில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டே நேர்த்திக் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கங்காணி கம்பைத் தாழ்த்திவிட்டார். கூட்டத்தில் மூத்தவள் ஒருத்தி மட்டும் என்னை ஏறஇறங்கப் பார்த்தாள்.

“ஏண்ணே, கதிர்காமம் கீழதானே இருக்கு? நீங்க எதுக்கு மேல ஏறிப் பழகுறீங்க? நிறைஞ்ச கூடையோட இறங்கிப் பாருங்க, அப்பத் தெரியும்.”

அன்று மணலைக் கொட்டாமல் இறங்கினேன். இருபது அடியில் முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. மூட்டை பின்னாலிருந்து என்னைத் தள்ளியது. பாதி வழியில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூன்று மாதமாக மூச்சுக்குத்தான் பயந்தேன். முழங்காலைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆடிக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் இறங்கிப் பழகினேன். கால் பெருவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம்.

ஆடியில் எங்களோடு முப்பது பேர் நடைக்குக் கிளம்பினார்கள். எல்ல என்ற மலையூர் வரை ஏற்றம்தான், தொல்லையில்லை. மகள் என் தலையைப் பிடித்துக்கொண்டு குரங்குகளை எண்ணிக்கொண்டு வந்தாள். அதற்குக் கீழே வண்டிப் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. கூட்டம் நேரத்தை மிச்சப்படுத்த வளைவுகளுக்கு நடுவே செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கத் தொடங்கியது. வண்டிப் பாதையில் வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்தை விட்டுத் தனியாகக் காட்டு வழியில் மாட்டிக்கொள்ளவும் பயம்.

மழை பெய்து பாதை வழுக்கியது. வலப்பக்கம் பள்ளம். அடியில் ஆற்றுச் சத்தம் கேட்டது, ஆறு தெரியவில்லை. மகள் என் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். தூங்கிய பிள்ளை மணல் மூட்டையைப் போல ஓரிடத்தில் இருக்கவில்லை, பள்ளத்துப் பக்கமாகச் சரிந்தாள். என் இடது முழங்கால் ஆடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. பின்னால் மனைவி, “என்னங்க, என்னங்க” என்றாள். மகளை இறக்கி நடக்கவிட்டால் காப்பாற்றலாம். ஆனால் தை மாதக் காய்ச்சல் கண்முன் வந்தது. இறக்கிவிடு என்று மனைவியும் சொல்லவில்லை.

நான் அப்படியே உட்கார்ந்தேன். மகளை முன்பக்கம் இழுத்து மடியில் வைத்து, அவள் கால்கள் இரண்டையும் என் வேட்டிக்குள் சுருட்டிக்கொண்டேன். பிறகு கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே சேற்றில் இறங்கினேன். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரோ ஏதோ கேலி சொன்னார்கள். வேட்டி பின்பக்கம் கிழிந்த சத்தம் எனக்கே கேட்டது. வீதியில் ஒரு மூட்டையோடு நடக்கக் கூசியவன், முப்பது பேருக்கு நடுவில் பிருஷ்டத்தால் தேய்த்துக்கொண்டு மலையிறங்கினேன். கூச்சம் வரவேயில்லை. அதற்கு உடம்பில் இடமில்லை, அவ்வளவு பயம்.

வண்டிப் பாதையைத் தொட்டதும் மனைவி மண்டியிட்டு மகளின் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் முந்தானையால் துடைத்து, துணியில் சேறு ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லங்க” என்றாள். பிறகுதான் அழுதாள்.