கோட்டு போடாத படம்

ரீபாக்காவின் படக் கண்காட்சியைக் கெடுக்கப் பார்த்த பாவி நான்தான். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் கிங்ஸ்டன். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் பிரிண்ட் லேப் வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு.

ரீபாக்காவுக்கும் ஏறக்குறைய அதே பிழைப்புதான். ஒரு ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகங்களைத் திருத்துகிறாள். எங்கள் ஊரில் யாரும் படம் மட்டும் கேட்பதில்லை. "கொஞ்சம் கலராப் போடுங்க" என்பார்கள். மாப்பிள்ளையை வெளுப்பாக்க வேண்டும், பெண்ணின் பருவை எடுக்க வேண்டும், செத்தவருக்குக் கோட்டு மாட்ட வேண்டும். ஆமாம், கோட்டு. ஆயுசு முழுக்க மேல்சட்டையே போடாத மனிதர்கூட மாலை போட்ட படத்துக்குள் போகும்போது கோட்டும் டையுமாகத்தான் போவார். கம்ப்யூட்டரில் நாலைந்து கோட்டு ரெடியாகக் கிடக்கும். தலையை ஒட்டினால் வேலை முடிந்தது.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி, ஆட்கள் மலையிலிருந்து இறங்கி வந்த சமயத்தில் அன்னத்தாய் என்ற அம்மா அந்த ஸ்டூடியோவுக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர். கீழே வந்த மூன்றாவது மாதம் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அவருடைய பழைய அடையாள அட்டையைக் கொடுத்து, சுவரில் மாட்டப் பெரிய படம் கேட்டார். ரீபாக்கா வழக்கம்போல அம்மைத் தழும்பை அழித்து, நிறத்தை ஏற்றி, நீலக் கோட்டு போட்டுக் கொடுத்தாள். அன்னத்தாய் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

"நல்லா இருக்கு தாயி. இது யாரு?"

கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டிருக்கிறார். மாற்றித் தருகிறேன் என்று ரீபாக்கா பதறியதற்கு, "இருக்கட்டும் தாயி, இப்படித்தான் போடுவாங்க போல" என்று பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வி ரீபாக்காவைத் தூங்கவிடவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், யாரிடமோ பழசாக வாங்கிய கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். தோட்டத்து ஆட்கள் குடியேறிய வீடுகளுக்குப் போனாள். அன்னத்தாயை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, "உங்களை எப்படி இருக்கீங்களோ அப்படியே போடுவேம்மா. வாக்குக் கொடுக்கேன்" என்றாள். ஒன்றரை வருஷம், ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. லைட்டு கிடையாது, ஜன்னல் வெளிச்சம் மட்டும். யாரிடமும் போய்ப் படிக்காதவள், எங்கள் ஊர்க்காரி, அப்படிப் படம் எடுத்தாள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

படம் மாட்ட எங்கள் ஊரில் ஏது இடம்? ரீபாக்காவும் கேமரா பிடிக்கும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு காலி அரிசி குடோனை வாடகைக்கு எடுத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு. அன்னத்தாயும் படங்களில் இருக்கும் மற்றப் பெண்களும் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ரீபாக்கா பன்னிரண்டு முகங்களை என்னிடம் பிரிண்டுக்குக் கொடுத்தாள்.

திறந்து பார்த்ததும் நான் அசந்துபோனேன். கூடவே பாவமாகவும் இருந்தது. இவ்வளவு நல்ல படத்தை இப்படிக் கறுப்பாகவே விட்டுவைத்திருக்கிறாளே, அக்காவுக்கு நேரமில்லை போல என்று நினைத்தேன். நாள் பூராவும் உட்கார்ந்து பன்னிரண்டு பேரையும் வெளுப்பாக்கினேன். அன்னத்தாயின் வெடித்த விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுப்புக் கோடுகளாக நின்றது. அதையும் விடாமல் துடைத்தேன். காசு வாங்காமல், பிரியத்தில் செய்த வேலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரீபாக்கா வந்து முதல் படத்தை விரித்தாள்.

"லே கிங்ஸ்டன், இது யாருலே?"

"அன்னத்தாயம்மாதான் அக்கா. பளிச்சுனு ஆக்கிட்டேம்லா?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு அவங்க வந்து இதையேதாம்லே கேப்பாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

திரும்ப அடிக்கலாமென்றால் பெரிய தாள் தீர்ந்துபோயிருந்தது. மதுரையிலிருந்து திங்கட்கிழமைதான் வரும். அலமாரி நிறையக் கல்யாண ஆல்பம் தாள்தான் இருந்தது. ஓரடி அகலம், மூன்றடி நீளம். ரீபாக்கா எழுந்து அதைப் பார்த்தாள்.

"அதுல அடி. ரெண்டு தாளைச் சேத்து ஒட்டிக்கிடுவோம்."

"மூக்கு வழியா ஒட்டுக்கோடு ஓடும் அக்கா."

"ஓடட்டும். மூக்கு அவங்க மூக்கா இருந்தாப் போதும்."

கம்ப்யூட்டர் பக்கம் என்னை விடவில்லை. தாள் வைக்க மட்டும் என் கை. பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டையும் முடித்தோம்.

சனிக்கிழமை அன்னத்தாய் வந்தார். நேரே தன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். ரீபாக்கா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அன்னத்தாய் பைய வலது கையைத் தூக்கித் தன் விரல்களைப் படத்து விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு கறுப்புக் கோடாகச் சரிபார்த்தார்.

"நாந்தான்," என்றார். கூட வந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, இங்கன வந்து பாருங்க. நாந்தான்!" என்று சத்தமாகச் சொன்னார். குடோனே திரும்பிப் பார்த்தது.

பிறகு ரீபாக்காவிடம் வந்தார். "வீட்ல ஒரு கோட்டுக்காரரு மாலையோட தொங்குதாரு தாயி. எங்க வீட்டுக்காரரையும் இப்படிப் போட்டுத் தருவியா?"

அடையாள அட்டையிலிருந்து எடுத்த அந்தத் திருத்தாத படம் ஒன்றரை வருஷமாக ரீபாக்காவின் பென் டிரைவில் இருந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். "போய் அடிச்சிட்டு வா. தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

லேபுக்கு ஓடினேன். அம்மைத் தழும்பு, ஒரு பக்கம் மடங்கிய காலர், பாதி மூடிய இடது கண். கை பரபரத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் தொடவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் நான் ஒழுங்காக அடித்த முதல் படம் அதுதான் என்று எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்னத்தாய் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. முந்தானையால் ஒரு தடவை துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். "வாங்க, போவோம்."