தேர்வுக்கு முன்னால் வந்த பேனர்

நான் போர்ச்சுகலில் படித்து முடித்துவிட்டேன் என்ற செய்தி புனேக்குப் பக்கத்தில் எங்கள் போசரி முழுக்கப் பரவியபோது, போர்ச்சுகீசிய மொழியில் அரைக் கிலோ தக்காளி வாங்கும் பாடம் வரைக்கும்தான் நான் வந்திருந்தேன். விசா இல்லை. டிக்கெட் இல்லை. ஆனால் எங்கள் நாற்சந்தியில், சௌக்கில், பேனர் இருந்தது.

எங்கள் கல்லூரியில் ஒரு செமஸ்டர் லிஸ்பனில் போய்ப் படிக்கும் ஏற்பாடு உண்டு. செலவை அங்குள்ள பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். அதற்கு அவர்கள் மொழியில் நடக்கும் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் படிப்பதற்காக நுழைந்த முதல் ஆள் நான். மற்றவர்கள் கட்டடம் கட்ட நுழைந்திருக்கிறார்கள். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அடக்கத்தை அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

மாலை வகுப்பில் எங்கள் பாடப்புத்தகத்துக்கு உலகம் ரொம்பச் சின்னது. ‘என் அப்பாவின் வேலை’ என்ற பாடத்தில் டாக்டர், வக்கீல், பேராசிரியர் மட்டும் இருந்தார்கள். என் அப்பா லேத் ஓட்டுகிறவர். என்னைவிட நாலைந்து வயதே மூத்த ஆசிரியை போனில் தேடிப் பார்த்து, “தொர்நெய்ரு” என்று சொல்லிக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க அந்த வார்த்தையைத் தேவையில்லாத இடத்திலெல்லாம் சொன்னேன். என் பக்கத்து இருக்கைக்காரி பணக்காரப் பகுதியான கோத்ருட்டில் இருந்து காரில் வருகிறவள். லிஸ்பனுக்கு ஏற்கெனவே விடுமுறைக்குப் போய் வந்தவள். “நீ ஏன் இந்த மொழியத் தேர்ந்தெடுத்த?” என்று கேட்டாள். அவளுக்கு மொழி என்பது தட்டில் வைத்து நீட்டுகிற சாக்லேட். எனக்கு அது பஸ். எது முதலில் வந்ததோ அதில் ஏறினேன்.

நான் விண்ணப்பித்ததை அப்பா கம்பெனியில் சொன்னார். அங்கிருந்து செய்தி எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத் தலைவருக்குப் போனது. அவர் மாநகராட்சித் தேர்தலில் நிற்கத் துடித்துக்கொண்டிருந்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சௌக்கில் பேனர் தொங்கியது. நடுவில் கைகூப்பியபடி தலைவர். சுற்றிலும் அவருக்கு மேலே உள்ள தலைவர்கள், கீழே உள்ள தலைவர்கள், அவருடைய தம்பி. வலது மூலையில், ஒரு விமானத்தின் வாலுக்கும் ஈஃபில் கோபுரத்துக்கும் நடுவில், கல்லூரி அடையாள அட்டையில் இருக்கும் முறைத்த முகத்தோடு நான். பிரிண்டிங் கடைக்காரருக்கு வெளிநாடு என்றால் அந்தக் கோபுரம்தான்.

அப்பா என்னைக் கூட்டிப்போய் பேனருக்குக் கீழே நிறுத்தினார்.

“இதுல உன் பேரு எது?”

காட்டினேன்.

“பக்கத்துல என்னா போட்டிருக்கு?”

“‘போர்ச்சுகல் சென்று படிப்பு முடித்துத் திரும்பிய நம் வீட்டுப் பிள்ளை.’”

“அப்ப முடிச்சிட்டியா?”

“இன்னும் போகவே இல்லப்பா.”

“அப்ப சீக்கிரம் போயிட்டு வந்துடு” என்றார், ரேஷன் கடைக்கு அனுப்புவதுபோல.

தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, எனக்கு இன்னும் பரீட்சையே நடக்கல. கழட்டிடுங்க.”

“பாப்பா, தேர்தல் தேதிய எந்நேரமும் சொல்லிடுவாங்க. சொல்லிட்டா நடத்தை விதி வந்துடும், பேனரு கட்ட முடியாது. நீ பாஸ் பண்ற வரைக்கும் தேர்தல் காத்துக்கிட்டு இருக்குமா?”

“ஃபெயில் ஆயிட்டேன்னா?”

“ஏன் அபசகுனமாப் பேசற? இப்பக் கழட்டுனாத்தான் பொண்ணு தோத்துட்டான்னு ஜனங்க பேசும். எனக்கு ஒண்ணுமில்ல. உங்கப்பாவுக்குத்தான் அசிங்கம்.”

அவர் சொன்னது அநியாயம். ஆனால் சரி.

அதற்குப் பிறகு போர்ச்சுகலில் இருந்து திரும்பியவளாக வாழ வேண்டியதாயிற்று. தண்ணீர்க் குழாயடியில், “எப்படி வந்த?” என்றார்கள். “குடத்த எடுத்துக்கிட்டு நடந்து” என்றேன். “அங்க போயும் இந்த வாய் போகல பாரு” என்றார்கள். மளிகை விற்கும் கிரானா கடைக்காரர் எனக்குக் குளிர் ஒத்துக்கொண்டதா என்று இந்தியில் விசாரித்தார். எதிர்வீட்டு அக்கா, “ரெண்டு சுத்து எளச்சிட்டடி, சோறு கிடைக்கலியா?” என்று வருத்தப்பட்டார். முதலில் மறுத்தேன். பிறகு, குளிர்தான், சோறு கிடைக்கவில்லைதான் என்று ஒப்புக்கொள்ள ஆரம்பித்தேன். மறுப்பதற்கு அதிக நேரம் பிடித்தது.

அப்பா மட்டும் தினமும் ஷிஃப்டுக்குப் போகும்போது சௌக்கில் சைக்கிளை நிறுத்தி ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். தேறாவிட்டால் நான் கல்லூரிக்கு வேறு வழியில் போய்விடலாம். அவருக்கு வேறு வழி கிடையாது.

வாய்மொழித் தேர்வு கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில், வீடியோவில் நடந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி.

“உங்கள் தெருவைப் பற்றிச் சொல்லுங்கள்.”

இது மனப்பாடம் செய்த கேள்வி. என் தெருவில் ஓர் அழகான பேக்கரி, எதிரே தேவாலயம், மூலையில் மருந்துக்கடை, மாலையில் ஆற்றங்கரையில் உலாவுகிறோம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

“அந்த பேக்கரியில் உங்களுக்குப் பிடித்தது எது?”

புத்தகத்தில் பேக்கரிக்கு வாசல் மட்டும்தான் இருந்தது. உள்ளே என்ன விற்கிறார்கள் என்று யாரும் எழுதவில்லை. அவர் பேனாவை எடுத்தார். சௌக்கில் நிற்கும் சைக்கிள் எனக்கு ஞாபகம் வந்தது.

“அது என் தெரு இல்லை” என்றேன். “என் தெருவில் பேக்கரி இல்லை. என் படம் இருக்கிறது.”

“உங்கள் படமா?”

“ஒரு மனிதர், பெரிய படம். நான், சின்னப் படம். நான் உங்கள் நாட்டில் படித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறது.”

“எப்போது படித்தீர்கள்?”

“இன்னும் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டுக்கொண்டே போனார். அந்த மனிதர் யார், ஏன் அவசரம், கோபுரம் எதற்கு? எனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் துண்டு துண்டாக ஒட்டி ஒட்டிப் பதில் சொன்னேன். கடைசியில், “என் அப்பா தொர்நெய்ரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் அதைப் பார்க்கிறார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இலக்கணம் சுமார், பேச்சு நன்று என்று முடிவு வந்தது. தேறிவிட்டேன். அதே வாரம் தேர்தல் தேதி அறிவிப்பும் வந்தது. மாநகராட்சி லாரி வந்து எல்லா பேனர்களையும் இறக்கியது. நான் உண்மையாகவே கிளம்பிய நாளில் சௌக் காலியாகக் கிடந்தது. வழியனுப்பத் தலைவரும் வரவில்லை. அவர் தோற்றிருந்தார்.

லிஸ்பனில் நான் வாயைத் திறந்ததுமே கடைக்காரர்கள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். நான் மாறவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, தக்காளிக்காரர் என்னோடு அவர் மொழியிலேயே சண்டை போடும் அளவுக்கு வந்திருந்தேன்.

திரும்பியபோது போசரியில் அடைமழை. பெட்டியை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன். தகரக் கூரைக்கு அடியில், ஒழுகாமல் இருக்க, அந்த பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அப்பா லாரிக்காரர்களிடம் கேட்டு வாங்கி வந்தாராம். அடுப்புக்கு நேர் மேலே, தாளிப்புப் புகையில் கொஞ்சம் மஞ்சளடித்து, நான் முறைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி, தலைவரின் ஒரு கன்னம் பல்வலிக்காரர்போல உப்பித் தொங்கியது.

“எடம் பாத்துத்தான் கட்டுனேன்” என்றார் அம்மா. “ஒழுகுற எடத்துல அவரு.”

அப்பா அண்ணாந்து பார்த்தபடி கேட்டார். “இப்ப அதுல எழுதியிருக்கறது சரியா?”

“கோபுரம் மட்டும் தப்புப்பா.”

“அத விடு” என்றார்.